‘நீங்களும் நாங்களே’: சோனகர், மொறோ, தமிழ் பேசும் மக்கள்

1

தேசியம் பற்றி நாம் நடத்தும் விவாதங்களில் பெனடிக்ற் அன்டர்சனின் பெயர் அடிபடத் தொடங்கிக் கனகாலமாகிறது. 1983இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பைத் தமிழில் ‘கற்பிதம் செய்யப்பட்ட சமூகங்கள்’ என்று ஆக்கிக்கொண்டோம். அந்த மொழிபெயர்ப்பே எமது விவாதத்தின் திசையையும் தீர்மானித்துவிட்டது என்பது என் எண்ணம். தமிழில் கற்பிதம் என்றால் இல்லாததை இருப்பதாகச் சொல்வது. எனவே ஒரு சாரார் ‘தேசம் கற்பிதம், ஆகவே பொய்’ என்றார்கள். மறு சாரார் ‘எங்கள் பிணங்களும் கற்பிதமோ?’ என்று கோபத்தோடு கேட்டார்கள். இருவரும் அன்டர்சனை விட்டு விலகியே நின்றார்கள். தேசியத்தைப் பொய்ப்புனைவாகக் காட்டிய கெல்னரை அவர் தன் முன்னுரையிலேயே மறுக்கிறார். ஒருவரையொருவர் நேரில் அறியாத மனிதர்களைக் கொண்ட எந்தச் சமூகமும் மனதில் உருவகிக்கப்பட்டதுதான். மெய், பொய் என்று பிரிப்பதை விட்டு, அது எவ்விதம் உருவகிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதே அவரது வாதம்.

அன்டர்சன் மீதான என் விமர்சனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எவ்விதம் என்று கேட்டவர், யார் யாருக்காக உருவகிக்கிறார்கள் என்பதை அழுத்திக் கேட்கவில்லை. பார்த்தா சட்டர்ஜி 1993இல் ‘யாருடைய சமூகம்?’ என்ற கேள்வியை எழுப்பினார். ஆனால் அவர் அதை ஐரோப்பாவுக்கும் காலனி நாடுகளுக்கும் இடையிலான வழக்காக நடத்தினார். அந்தக் கேள்வியை எமது வீட்டுக்குள்ளேயே கேட்டாக வேண்டும். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பார்த்து ‘நீங்களும் நாங்களே’ என்று சொல்லும்போது அங்கே நடப்பது என்ன? சொல்லப்படுபவருக்கு ‘இல்லை’ என்று பதில் கூறும் இடம் இருக்கிறதா? சேர்ந்திருத்தல் என்பதன் உரைகல் இதுதான் என்று இக்கட்டுரையில் வாதிட விரும்புகிறேன். அதற்கு எமது வரலாற்றிலிருந்து ஒன்றையும் பிலிப்பைன்ஸ் வரலாற்றிலிருந்து ஒன்றையும் அருகருகே வைக்கிறேன்.

2

1885. இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மாத்திரமே முகமதியர் என்று பேசினார். 1888இல் அதை ஆய்வுக் கட்டுரையாக விரித்து றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்தார். மொழி, வழக்கங்கள், உடற்தோற்றம் ஆகியன அவரது சான்றுகள்.

அக்கட்டுரையின் காலத்தைக் கவனிக்க வேண்டும். சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த நேரம் அது. சோனகர் தமிழரே என்று நிறுவப்பட்டால் தனி ஆசனத்துக்கு நியாயமில்லை. தமிழர் பிரதிநிதியே அவர்களுக்கும் போதும். ஆராய்ச்சிக்குப் பின்னால் ஓர் ஆசனத்தின் நிழல் விழுந்திருந்தது. எனினும் 1889இல் எம். சி. அப்துல் ரகுமான் சோனகர் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனின் கட்டுரைக்கு விரிவான மறுப்பு எழுதினார். அம்மறுப்பு 1957இல், அதாவது தனிச்சிங்களச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டில், மறுபதிப்பாக வந்தது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அதற்கு ஒரு தேவை இருந்திருக்கிறது.

அஸீஸின் வாதத்தை நான் முழுதாக ஏற்பவன் அல்லன். தந்தை வழியில் அராபியர் என்ற உரிமை கோரல் கொழும்பு வணிகக் குடும்பங்களின் குரலாக ஒலிக்கிறது. அக்கரைப்பற்றிலோ காத்தான்குடியிலோ உள்ள முஸ்லிம் விவசாயியையும் மீனவரையும் அது எவ்வளவு தூரம் உள்ளடக்கும் என்பது கேள்விக்குரியது. கிழக்கில் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே மாதிரியான தாய்வழிக் குடிமுறையைக் கொண்டிருப்பது மானிடவியலாளர் நன்கு அறிந்த விடயம். இராமநாதன் காட்டிய ஒற்றுமைகளில் பல உண்மையானவை.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தரவுகள் உண்மையாக இருந்தும் முடிவு பெறப்படவில்லை. ஒருவர் உன் மொழியைப் பேசுகிறார், உன் குடிமுறையைக் கொண்டிருக்கிறார் என்பது, அவர் உன் கூட்டத்தைச் சேர்ந்தவராகத் தன்னைக் கருதுகிறார் என்பதற்குச் சான்றாகாது. முன்னையதை ஆய்வாளர் தீர்மானிக்கலாம். பின்னையதை அவரிடம் கேட்டுத்தான் அறியலாம். இராமநாதன் கேட்கவில்லை.

அச்சு மொழிதான் தேசிய உணர்வுக்கு அடித்தளமிட்டது என்ற அன்டர்சனின் கருதுகோளையும் இவ்விடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் அமைத்தார். அங்கிருந்து வந்த தமிழ் சைவத்தோடு ஒட்டிப் பிறந்த தமிழ். 1882இல் கண்டியில் எம். சி. சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதுவும் தமிழ்தான். 1885இல், இராமநாதன் சபையில் பேசிய அதே ஆண்டில், சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ வெளியானது. இலங்கைத் தமிழரின் முதல் நாவல் என்று எமது இலக்கிய வரலாற்று நூல்கள் பெருமையோடு பதிந்துகொள்வது அதைத்தான். ஆனால் அதன் கதாநாயகன் கெய்ரோவில் பிறக்கிறான்; பம்பாய், கல்கத்தா என்று கதை நகர்கிறது. யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ அதன் உலகத்தின் மையம் அல்ல. எகிப்தியப் புரட்சியில் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்திருந்ததையும் நினைவிற் கொள்ள வேண்டும். தமிழ் எழுத்தில் அச்சாகிய அந்த நாவல், தமிழை எல்லையாகக் கொள்ளாத ஒரு சமூகத்தை உருவகித்தது. ஒரே அச்சு மொழி இரண்டு சமூகங்களைப் பெற்றெடுத்திருக்கிறது. அன்டர்சனின் கோட்பாடு இதற்கு நேரடியாக விடை தருவதில்லை. இராமநாதனோ அந்த இரண்டாவது சமூகம் எழுந்துகொண்டிருந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.

பின்னர் 1915 வந்தது. சிங்களக் கும்பல்கள் சோனகரைத் தாக்கின. பிரித்தானியர் இராணுவச் சட்டம் போட்டுச் சிங்களரைக் கொடுமையாக அடக்கினர். இராமநாதன் கைதான சிங்களத் தலைவர்களுக்காகச் சபையில் முழங்கினார். 1916இல் லண்டனில் அது பற்றி நூலும் வெளியிட்டார். இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிரான அவரது வாதம் நியாயமானது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘இனத்தால் நீங்கள் தமிழரே’ என்று அவர் சொன்ன மக்களின் கடைகள் எரிந்தபோது, ‘எரிந்தவை எம்மவர் கடைகள்’ என்ற குரல் அவரிடமிருந்து எழவில்லை. கணக்கெடுக்கும்போது எம்மவர், அடிவிழும்போது வேற்றார். சோனகர் இதை மறக்கவில்லை. நாம் நினைவிலேயே வைத்திருக்கவில்லை.

3

இராமநாதன் கொழும்பில் கட்டுரை வாசித்த அதே 1888இல், லண்டனில் இன்னொரு குடியேற்ற நாட்டு அறிவாளி தன் மக்களின் கடந்த காலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டவரான ஹொசே ரிசால், பிறிம்றோஸ் ஹில் பகுதியில் சல்கொட் கிறசன்ற் 37ஆம் இலக்க வீட்டில் தங்கியிருந்து, பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலைக்குப் போய்வந்தார். இன்று அவ்வீட்டில் அவரது நினைவுப் பலகை இருக்கிறது. அவர் அங்கே கையாற் பிரதிசெய்து குறிப்புகள் எழுதிய நூல், அந்தோனியோ டி மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609இல் எழுதிய பிலிப்பைன்ஸ் வரலாறு. ஸ்பானியர் வருமுன்னரே தன் மக்களுக்கு ஒரு நாகரிகம் இருந்தது என்று காட்டுவது ரிசாலின் நோக்கம். 1890 எனத் திகதியிட்டுப் பாரிசில் அது அச்சாகியது. 1896 டிசம்பர் 30இல் மணிலாவில் ஸ்பானியர் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அன்டர்சனுக்கு ரிசால் மிக முக்கியமானவர். 1998இல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பின் தலைப்பை, ஒப்பீடுகளின் பேய் என்று பொருள்படும் தொடரை, அவர் எடுத்தது ரிசாலின் 1887ஆம் ஆண்டு நாவலிலிருந்துதான். ஐரோப்பாவைக் கண்டு திரும்பிய ஒருவன் தன் ஊரை இனி அதன்பாட்டில் பார்க்கவே இயலாது. எப்போதும் மற்றொன்றின் நிழல் குறுக்கே விழும். இதைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘பிலிப்பினோ’ என்ற பெயரின் கதை கவனத்துக்குரியது. முதலில் அது அத்தீவுகளிற் பிறந்த ஸ்பானியரை மாத்திரம் குறித்தது. சுதேசிகளுக்கு ‘இந்தியோ’ என்ற இழிபெயர். 1889இல் பாரிசில் ரிசாலும் தோழர்களும் தமது வட்டத்துக்கு ‘வீர இந்தியோக்கள்’ என்ற பொருளில் ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். வைததைப் பட்டமாக்கிக் கொண்டார்கள். ‘பிலிப்பினோ’ என்ற பெயரையும் காலப்போக்கில் சுதேசிகள் தமதாக்கிக் கொண்டனர். இது பெயரைத் தாமே எடுத்துக்கொண்ட வரலாறு. இராமநாதன் செய்தது பிறருக்குப் பெயர் கொடுத்தது. இரண்டும் ஒரே காலத்து அறிவுழைப்புத்தான், அரசியல் வேறு.

ஆனால் ரிசாலை நாயகனாக்கிவிட்டு நகர முடியாது. அவர் கனவு கண்ட பிலிப்பினோவுக்குள் தெற்கே மின்டனாவோவிலும் சூலுவிலும் இருந்த முஸ்லிம்கள் எங்கே? ஸ்பானியர் அவர்களுக்கு இட்ட பெயர் ‘மொறோ’. ஐபீரியாவைத் தாம் மீட்டெடுக்க முன்னர் அங்கே ஆட்சிசெய்த வட ஆபிரிக்க முஸ்லிம்களை அழைத்த அதே பெயர். அதையே போர்த்துக்கேயர் இலங்கை முஸ்லிம்களுக்கும் இட்டனர். ஆங்கிலேயரின் குடிசன மதிப்பீட்டில் சோனகர் ‘மூர்’ ஆனது அவ்வழியில்தான். உலகின் இரு மூலைகளில் உள்ள இரண்டு மக்கள் ஒரே பெயரைச் சுமக்கிறார்கள். இருவருமே அதைத் தாமாகக் கேட்டு வாங்கவில்லை.

1935இல், பிலிப்பைன்ஸின் சுதந்திரம் நெருங்கியபோது, லனாவோவைச் சேர்ந்த மரனாவோ தலைவர்கள் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு மனு அனுப்பினார்கள். எம்மை அந்த நாட்டோடு சேர்க்க வேண்டாம் என்பது அதன் சாரம். எவரும் செவிசாய்க்கவில்லை. 1937இல் ஜனாதிபதி கெசோன் தகலொக் மொழியைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக அறிவித்தார். 1959இல் அதற்குப் ‘பிலிப்பினோ’ என்று பெயர் மாற்றினார்கள். செபுவானோ பேசுவோர் முறுமுறுத்தார்கள்: பெயர் எல்லாருக்கும் உரியது, மொழி மணிலாவுக்கு உரியது. யாழ்ப்பாணத்துப் பேச்சும் வழக்கமும் ‘ஈழத்தமிழ்’ என்ற பொதுப்பெயரில் உலாவுவதை மட்டக்களப்பார் பார்க்கும் பார்வையை இது நினைவூட்டுகிறது.

1968இல் கொறெகிடோர் தீவில் இராணுவப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் கொல்லப்பட்டனர். 1970களின் தொடக்கத்தில், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த நூர் மிசுவாரியின் தலைமையில் மொறோ தேசிய விடுதலை முன்னணி எழுந்தது. ரிசாலின் தோழர்கள் ‘இந்தியோ’வைத் தூக்கி அணிந்தது போலவே இவர்கள் ‘மொறோ’வை அணிந்தார்கள், ‘பங்சமொறோ’, மொறோ தேசம் என்றார்கள். ரிசாலின் பாடத்தை ரிசாலின் தேசத்துக்கு எதிராகவே படித்துக் காட்டினார்கள்.

பல பத்தாண்டுப் போருக்கும் ஒப்பந்தங்களுக்கும் பின்னர் 2014இல் விரிவான உடன்பாடு ஒன்று கையெழுத்தாகியது. 2018இல் சட்டம் வந்தது. 2019இல் அப்பிரதேச மக்களிடம் வாக்கெடுத்தார்கள். கொத்தபாத்தோ நகரம் ‘ஆம்’ என்று சொல்லிப் பங்சமொறோவுக்குள் வந்தது. மிசுவாரியின் சொந்த மாகாணமான சூலு ‘இல்லை’ என்றது. பழைய சுயாட்சிப் பிரதேசத்தின் வாக்குகளை ஒன்றாகவே எண்ண வேண்டும் என்று சட்டம் சொன்னதால் சூலுவின் மறுப்பு அப்போது கணக்கில் எடுபடவில்லை. 2024 செப்ரெம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம், மறுத்து வாக்களித்த சூலுவைச் சேர்த்தது செல்லாது என்று தீர்த்தது.

பிலிப்பைன்ஸ் அரசை முன்மாதிரியாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. அதன் கைகளில் இருக்கும் இரத்தம் யாவரும் அறிந்ததே. சூலு விலகியதால் பங்சமொறோவுக்கு நேர்ந்த இழப்பும் சிறிதல்ல. என் கவனம் வேறொன்றில். ஒடுக்கப்பட்ட ஒரு தேசம் தன் எல்லையை வரைந்தபோது, அந்த எல்லைக்குள் இருந்தவர்களிடம் கேட்கப்பட்டது. ‘மொறோ’ என்ற பொதுப்பெயருக்குள் இருந்த தௌசுக் மக்களின் மாகாணம் ‘இல்லை’ என்று சொன்னது. இறுதியில் அந்த ‘இல்லை’க்குச் சட்டத்தில் ஒரு இடம் கிடைத்தது.

4

இந்த வெளிச்சத்தில் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற எமது தொடரைப் பார்ப்போம். 1949இல் தமிழரசுக் கட்சி உருவானதோடு இத்தொடர் எமது அரசியலின் மையத்துக்கு வந்தது. அதில் நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். செல்வநாயகத்தின் ‘தமிழ் பேசும்’, இராமநாதனின் ‘இனத்தால் தமிழர்’ என்பதைவிட நாகரிகமானது. அது பிறப்பை ஆராயவில்லை. மொழியுரிமையின் பேரில் ஓர் அழைப்பை விடுத்தது. 1956இல் கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளர்கள் அக்கட்சியின் பேரில் வென்றார்கள். பின்னர் அரசின் பக்கம் போனார்கள். ‘துரோகம்’ என்று நாம் எழுதிவைத்தோம். ஏன் போனார்கள், கட்சிக்குள் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்டவர் சிலரே.

மலையக மக்களைப் பொறுத்தவரை நிலை இன்னும் மோசம். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டனர். 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டனர். தேயிலைப் பெட்டிகளைப் பிரிப்பது போன்ற இப்பங்கீட்டில் ஒரு தோட்டத் தொழிலாளியிடமும் கேட்கப்படவில்லை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது, கூட்டணிக்குள் இருந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. எமது வரைபடத்தில் அவர்களது மலைகள் இல்லை. ஆனால் எமது தொகைக்கணக்கில் அவர்கள் இருந்தார்கள். 2023இல் தம் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அவர்கள் நடந்தபோது, ‘மலையக மக்கள்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு நடந்தார்கள்.

பிறகு 1990. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள், ஏறக்குறைய 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற கோட்பாட்டின்படி இப்படி ஒன்று நடக்கவே முடியாது. தன் கையைத் தானே வெட்டி எறிவது எப்படி?

முடியும் என்பதே என் வாதம். அக்கோட்பாட்டுக்குள்ளேயே அதற்கு வழி இருந்தது. கேட்காமலே ‘நீங்களும் நாங்களே’ என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால், ‘இனி நீங்கள் நாங்கள் அல்ல’ என்று சொல்லும் அதிகாரமும் அவர் கைக்கே வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரண்டு முகங்கள். சேர்க்கும்போது கேட்டிருந்தால், நீக்கும்போதும் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

‘கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் செய்தது என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டது உண்மை; அது மறக்கப்படவும் கூடாது. ஆனால் சோனகதெருவில் தையல் மெசின் வைத்திருந்தவருக்கும் மன்னாரில் வலை பின்னியவருக்கும் அதில் என்ன பங்கு? இன்னொன்று: ‘காட்டிக்கொடுத்தார்கள்’ என்று சொல்வதற்கே, அவர்கள் எம்மைச் சேர்ந்தவர்கள் என்ற முடிவு முன்கூட்டியே தேவைப்படுகிறது. அந்நியன் பகைவனாகலாம், துரோகியாக முடியாது. அனுமதியின்றி உறுப்பினராக்கியவரைத்தான் நாம் துரோகி என்றும் அழைத்தோம்.

5

வேறொரு மறுப்பும் வரக்கூடும்: ஒடுக்கப்படும் மக்களிடம் இத்தகைய நுண்ணிய கேள்விகளைக் கேட்பது ஒடுக்குபவருக்கு உதவாதா? 2009 மே மாதம் போர் முடிந்தபோது மகிந்த ராஜபக்ச பாராளுமன்றத்தில், இந்நாட்டில் இனிச் சிறுபான்மையினர் என்று எவரும் இல்லை என்ற பொருளிற் பேசினார். அதை நாம் அரவணைப்பாகக் கேட்கவில்லை. எமது பெயரை அழிக்கும் பேச்சாகவே கேட்டோம், சரியாகவே கேட்டோம். ‘நீங்களும் நாங்களே’ என்பது மேலேயிருந்து வரும்போது எப்படி ஒலிக்கும் என்பது எமக்கு நன்றாகத் தெரியும். பேரினவாதத்தின் வாயில் நாம் மறுக்கும் வாக்கியம் எமது வாயில் மாத்திரம் எப்படி விடுதலையாகும்? இக்கேள்வியை நாமே கேட்டுக்கொள்வதால் எமது நியாயம் வலுப்படுமேயன்றிக் குறையாது.

பிரித்தானியக் குடிசன மதிப்பீடு 1991இல் முதன்முறையாக இனக்குழுவைக் கேட்டது. இங்குள்ள படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் ஆகியோருக்குப் பெட்டிகள் உண்டு. இலங்கைத் தமிழருக்கு இல்லை. ‘வேறு ஆசியர்’ என்பதில் எழுதிக்கொள்ள வேண்டும். பிலிப்பினோக்களும் அதே பெட்டியில்தான். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் கொத்தபாத்தோப் பக்கத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். படிவங்களில் பிலிப்பினோ என்று எழுதுவதாகவும், மணிலாக்காரர் முன்னால் மொறோ என்று சொல்வதாகவும், தன் ஊராரோடு இருக்கையில் மகின்டனாவோன் என்று சொல்வதாகவும் ஒருநாள் தேநீர் இடைவேளையிற் சொன்னார். இதில் எது உண்மை என்று கேட்டேன். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார். நான் வகுப்பறையில் பல மணித்தியாலம் செலவிட்டு விளக்கிய கோட்பாடு இது.

2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகப் பதிந்தோர் ஏறக்குறைய 1,25,000 பேர். 2011இல் அது ஏறக்குறைய 1,01,000. எமது கூட்டங்களில் இவ்வெண்ணை எடுத்து ‘நாம் இத்தனை பேர்’ என்று பேசுகிறார்கள். அந்த எண்ணுக்குள் இலங்கை முஸ்லிம் இருக்கிறார், மலையகத்தவர் இருக்கிறார், தஞ்சாவூரிலிருந்து வந்தவரும் பினாங்கிலிருந்து வந்தவரும் இருக்கிறார்கள். எமது மாவீரர் நாள் மண்டபங்களில் அவர்களில் எத்தனை பேர் தம்மை வீட்டுக்காரராக உணர்வார்கள்? ஒக்ரோபர் 30ஐ அதே மண்டபங்களில் எத்தனை தடவை நினைவுகூர்ந்திருக்கிறோம்? இராமநாதன் செய்த கணக்குத்தான் இது: எண்ணுவதற்கு அழைப்பு, துக்கத்துக்கு அழைப்பில்லை.

மாற்று உதாரணமும் உண்டு. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் கோரிக்கையும், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்ற கோரிக்கையும், தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா நாட்சம்பளமும் ஒன்றாக எழுந்தன. அங்கே யாரும் யாரையும் ‘நீயும் தமிழனே’ என்று நிறுவ முயலவில்லை. ஒவ்வொருவரும் தம் பெயரோடு வந்தார்கள். மற்றவரின் துயரத்தைத் தம் கோரிக்கைப் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். அந்த ஒற்றுமை நீடித்ததா என்பது வேறு விடயம். அதன் இலக்கணம் சரியானது.

‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு வரைவிலக்கணமாகக் கையாள்வதை நிறுத்தி, ஓர் அழைப்பாக மீட்க வேண்டும். அழைப்பு என்றால் வரமாட்டேன் என்று சொல்பவரும் நாளை எம்மோடு கதைக்கக்கூடியவராக இருக்க வேண்டும். அடுத்த முறை ஒரு தீர்வுத்திட்டமோ வரைபடமோ எமது மேசைக்கு வரும்போது நாம் முதலிற் பார்க்க வேண்டியது, அதில் வடகிழக்கு முஸ்லிம்களும் மலையக மக்களும் தமது சொந்த வாயால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்வதற்கு ஒரு பிரிவு எழுதப்பட்டிருக்கிறதா என்பதை. அது இல்லாத திட்டத்துக்கு எந்தப் பெயரை வைத்தாலும் அது இராமநாதனின் 1885ஆம் ஆண்டுப் பேச்சின் மறுபதிப்பாகவே இருக்கும்.